பண்ணைக்குட்டையும் பேரப்பிள்ளைகளும்

முழுப்பரீட்சை முடிந்து, பிள்ளைகள் பாட்டி ஊருக்கு வந்து சேரும் நேரம் இது. வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு மண், விதை, பூச்சி, மானியம் என்றுதான் கேள்விகள் வரும். இந்த முறை வந்த கட்டில் ஒரு கடிதத்தைப் படித்ததும் மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டேன். அதையொட்டி முன்பே வந்திருந்த சில கேள்விகளையும் தேடி எடுத்தேன். ஆகவே இந்த இதழில் ஒரே விஷயம்தான்: தண்ணீரும் நம் வீட்டுப் பிள்ளைகளும்.

“எங்களுக்கு மூன்று ஏக்கர் பூமி. மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறோம். கிணறு கைவிட்டதால், இரண்டு வருஷத்துக்கு முன்பு ஷீட் போட்டுப் பண்ணைக்குட்டை வெட்டினோம். போன மாதம் மகன் வீட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பந்து குட்டைக்குள் விழ, அதை எடுக்கப்போன சின்னவன் (5 வயது) ஷீட்டில் வழுக்கி உள்ளே போய்விட்டான். பெரியவன் (9 வயது) கரையில் கிடந்த சொட்டுநீர் டியூப்பைத் தூக்கிப் போட்டு, அவன் பிடித்துக்கொண்டதும் கத்தினான். நாங்கள் ஓடிப்போய் இழுத்தோம். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் மகன், ‘குட்டையை மூடுங்கள், இல்லையென்றால் இனிப் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன்’ என்கிறான். குட்டையை மூடினால் வெள்ளாமை இல்லை. மூடாவிட்டால் பேரன்கள் இல்லை. நான் என்ன செய்வது?” – வாசகி, ஈரோடு மாவட்டம்.

அம்மா, முதலில் உங்கள் பெரிய பேரனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அவன் தண்ணீரில் குதிக்கவில்லை. கையில் கிடைத்ததைத் தூக்கிப் போட்டான். பெரியவர்களே பல நேரம் தவறுவது இந்த இடத்தில்தான். அவன் குதித்திருந்தால் நீங்கள் இரண்டு பேரையும் இழந்திருக்கக்கூடும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, எங்கள் ஊர் மேட்டுக் காட்டுக் கிணற்றில் ஒரு பையன் தவறி விழுந்தான். காப்பாற்ற அவன் அக்கா குதித்தாள். அக்காவைப் பிடிக்கப் பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த சித்தி குதித்தார். மூவருக்குமே நீச்சல் தெரியாது. அன்று மாலை மூன்று பாடைகள் ஒரே வீதியில் போயின. அடுத்த வாரமே ஊர் கூடி அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியது. கல்லும் ஆளும் அதற்கு முன்பும் ஊரில் இருக்கத்தான் செய்தன.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். குட்டையை மூட வேண்டாம். ஆனால் மகன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வேலி இல்லாத ஷீட் குட்டை, கிணற்றைவிட ஆபத்தானது. கிணற்றில் படிக்கட்டு இருக்கும், பிடித்துத் தொங்கக் கல் இடுக்கு இருக்கும், குழாய் இருக்கும். ஷீட் குட்டையில் எதுவுமே கிடையாது. சரிவில் பாசி படிந்துவிட்டால் நீச்சல் தெரிந்த ஆள்கூட மேலே ஏற முடியாது. ஒரு அடி ஏறினால் இரண்டு அடி வழுக்கும். அதனால் கீழே சொல்கிற மூன்றையும் செய்யுங்கள். செய்து முடித்துவிட்டு மகனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

முதலாவது, வேலி. குட்டை நூறுக்கு நூறு அடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 5 அடி நடைபாதை விட்டு வேலி போட்டால் மொத்தம் 440 அடி வரும். உயரம் 4 அடிக்குக் குறையக் கூடாது. கம்பி வலையில் குழந்தை கால் வைத்து ஏறுகிற மாதிரி குறுக்குக் கட்டை இருக்கக் கூடாது. அடியிலும் இடுக்கிலும் 4 அங்குலத்துக்கு மேல் சந்து விடாதீர்கள், சின்னக் குழந்தை நுழைந்துவிடும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். கையை விட்டதும் தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங் போடுங்கள். தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். நகரத்து நீச்சல் குளங்களுக்குச் சொல்கிற பாதுகாப்பு அளவும் ஏறக்குறைய இதுதான். வேலியை ஒட்டி உர மூட்டை, குழாய்க் கட்டு, கல் எதையும் அடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது ஏணி.

ஒரே நேரத்தில் இவ்வளவு செலவு செய்ய முடியாது என்றால், கல்கால் நட்டு, வீட்டைப் பார்த்த பக்கத்திலும் வண்டித்தடம் உள்ள பக்கத்திலும் முதலில் வலை கட்டுங்கள். மற்ற இரண்டு பக்கமும் கிளுவைப் போத்து ஊன்றுங்கள். உயிர்வேலி அடைந்து வர இரண்டு மழைக்காலம் ஆகும். அதுவரை அந்தப் பக்கங்களில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்து வையுங்கள். நான்கு பக்கமும் அடைக்கும்வரை பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகள் அந்தத் திசைக்கே போகக் கூடாது.

இரண்டாவது, ஏறிவர வழி. வேலியையும் தாண்டி யாராவது விழலாம். குட்டையில் மோட்டார் ஃபுட்வால்வைச் சுத்தம் செய்யப் போகும் நீங்களே விழலாம். ஒரு அங்குலக் கனமுள்ள கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போடுங்கள். முடிச்சில்லாத நைலான் கயிறு நனைந்தால் கையில் நிற்காது. மேல் நுனியைக் கரையில் ஆழமாக ஊன்றிய கல்காலில் கட்டுங்கள். கீழ் நுனி குட்டையின் அடிவரை போக வேண்டும். நுனியில் கல் கட்டினால் ஷீட் கிழியும், மணல் நிரப்பிய சாக்குப் பை கட்டுங்கள். நான்கு பக்கமும் இப்படி ஒவ்வொன்று வேண்டும். பழைய இரு சக்கர வாகன டயர்களை ஒன்றோடொன்று கட்டி, ஏணி போலச் சரிவில் தொங்கவிடுவது இன்னும் நல்லது. டயரில் கம்பி நீட்டிக்கொண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மூன்றாவது, எறியும் பொருள். மூடியுள்ள 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றில் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடி, கைப்பிடியில் 40 அடிக் கயிறு கட்டி வேலிக் கதவருகே மாட்டி வையுங்கள். உள்ளே இருக்கும் கொஞ்சம் தண்ணீர், கேனைத் தூரமாக எறியக் கனம் தரும். மீதிக் காற்று, பிடித்தவரை மிதக்க வைக்கும். பக்கத்திலேயே நீளமான ஒரு மூங்கில் கழி. இவற்றை வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரே பாடம்: யாராவது விழுந்தால் குதிக்காதே. கத்து, எறி, படுத்துக்கொண்டு இழு. கேன் இல்லாவிட்டால் துண்டு, வேட்டி, சேலை, டியூப் எதுவும் உதவும். நின்றுகொண்டு இழுத்தால் இழுப்பவரும் உள்ளே போவார். தரையோடு படுத்துக்கொண்டு இழுக்க வேண்டும்.

“பிள்ளை விழுந்தால் கத்துவான், சத்தம் கேட்கும் தூரத்தில்தானே இருக்கிறோம் என்று நினைப்பேன். இது போதாதா?” – வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

போதாது. மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. கத்த மூச்சு வேண்டும். வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வருகிற நொடியில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கும். கையை மேலே தூக்கி ஆட்டவும் முடியாது. இரண்டு கையாலும் தண்ணீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருக்கும். தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் திறந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவது போலவே தெரியும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மூச்சு நின்று நாலைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். ஆகவே காதை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை தண்ணீர் அருகே இருந்தால், நீங்கள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

கூட்டம் கூடுகிற நாள்தான் இன்னும் மோசம். கெடா விருந்து, காதுகுத்து என்று தோட்டத்தில் ஐம்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைப்பார். இதற்கு ஒரு வழி: ஒரு சிவப்புத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் அந்த நேரத்துக்குக் காவல். அவர் செல்போன் பார்க்கக் கூடாது, சீட்டாடக் கூடாது, குடித்திருக்கவே கூடாது. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, வாய்விட்டுச் சொல்லித் துண்டை அடுத்தவர் தோளில் போட வேண்டும்.

உங்கள் பக்கத்தில் ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்த முதல் சில நாட்கள் பிள்ளைகளை அதிகமாகக் கவனியுங்கள். போன மாதம் கிரிக்கெட் ஆடிய இடத்தில் இப்போது கழுத்தளவு தண்ணீர் ஓடும். கான்கிரீட் போட்ட வாய்க்காலில் பிடித்து ஏறப் புல்கூட இருக்காது.

ஏரிக்கும் இதைச் சொல்ல வேண்டும். வண்டல் எடுத்த ஏரி, மணல் எடுத்த ஆறு இரண்டும் பழைய ஏரியோ பழைய ஆறோ இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து போகிற பிள்ளை, அடுத்த அடியில் பத்தடிப் பள்ளத்தில் இருக்கும். எந்த இடத்தில் மண் எடுத்தார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். மழைக்கு முன்பே பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டுங்கள். கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டி வைப்பதும் ஊராட்சியிடம் சொல்லிப் பலகை வைப்பதும் நல்லது.

“கோடை விடுமுறையில் டவுனில் நீச்சல் குளத்தில் சேர்க்கலாமா, அல்லது நம் கிணற்றிலேயே சுரைப்புருடை கட்டிப் பழக்கலாமா? எந்த வயதில் தொடங்குவது?” – வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

ஆறு வயதுக்கு மேல் எல்லாப் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நீச்சல் கட்டாயம் பழக்குங்கள். நம் பக்கத்தில் பையன்களைக் கிணற்றுக்குக் கூட்டிப்போவோம், பெண் பிள்ளைகளைத் துணி துவைக்க அனுப்புவோம். கரையில் வழுக்கி விழுவதில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை.

குளத்தின் நல்ல குணம், ஆழம் குறைந்த பகுதி இருப்பது. குழந்தை நின்று பழகலாம். சேர்க்கும் முன் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீரின் அடித்தரை தெளிவாகத் தெரிகிறதா? கலங்கியிருந்தால் மூழ்கிக் கிடக்கும் குழந்தையே கண்ணில் படாது. ஆழத்தை எண்ணில் எழுதி வைத்திருக்கிறார்களா? உயிர்காப்பாளர் என்று ஒருவர் இருந்து, அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறாரா, அல்லது டிக்கெட்டும் கிழிக்கிறாரா? தண்ணீர் வெளியேறும் துளைகளின் மூடி உடையாமல் இருக்கிறதா? அந்த உறிஞ்சலில் முடியோ கையோ சிக்கிக்கொள்ளும். பெண் பிள்ளைகளுக்குக் கூந்தலை இறுக்கிக் கட்டிவிடுங்கள். குழந்தைகளுக்குள் மூச்சடக்கும் போட்டி வேண்டாம், நினைவு தப்பிவிடும். காற்றடித்த வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுச் சாமான்கள்தான். அவற்றை நம்பிக் கண்ணை எடுக்காதீர்கள்.

கிணற்றில் பழக்குவதும் நல்லதுதான். நம்மில் பலர் அப்படித்தான் பழகினோம். ஆனால் பழைய முறையில் சுரைப்புருடை மட்டும் இல்லை, இடுப்புக் கயிறும் உண்டு. அதன் மறுநுனி மேலே நிற்கும் மாமாவின் கையில் இருக்கும். கீழே தண்ணீரில் இன்னொருவர் இருப்பார். இன்று சுரைக்குப் பதில் பிளாஸ்டிக் கேன் கட்டுகிறோம், கயிற்றையும் ஆளையும் விட்டுவிட்டோம். இரண்டு பெரியவர் இல்லாமல் கிணற்றில் பழக்காதீர்கள். மோட்டாரை நிறுத்தி, ஸ்டார்ட்டர் மட்டுமல்ல மெயின் ஸ்விட்சையும் இறக்கிய பிறகே இறங்க வேண்டும். மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்வது கூடாது. போன வருஷம் இருபது அடி இருந்த தண்ணீர் இந்தக் கோடையில் ஆறடி இருக்கலாம், அதற்குக் கீழே பாறையோ பழைய குழாயோ இருக்கலாம்.

பழகிவிட்டான் என்று எப்போது சொல்லலாம்? 25 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். மல்லாந்து அரை நிமிடம் மிதக்க வேண்டும். தண்ணீருக்குள் விழுந்த பின் திரும்பிக் கரையைப் பிடிக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தாலும் தனியே போகக் கூடாது. நீச்சல் தெரிந்த பிள்ளைகளும் மூழ்குகிறார்கள்.

“நாங்கள் இருவரும் காலையில் வேலைக்குப் போய்விடுவோம். ஒன்றரை வயதுப் பெண்ணை, நாலாவது படிக்கும் அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். வீட்டைச் சுற்றிக் கிணறு எதுவும் இல்லை. பயப்பட வேண்டுமா?” – வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

கிணறு இல்லாவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. அந்த வயதுக் குழந்தைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை கனம் அதிகம். அரை வாளித் தண்ணீரை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. மாட்டுத் தொட்டி, சிமெண்டுத் தொட்டி, குளியலறை டிரம், மூடியில்லாத கழிவுநீர்த் தொட்டி, வீடு கட்டத் தோண்டிய குழி எல்லாம் அதற்குக் கிணறுதான். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். டிரம்முக்கு மூடி போட்டுக் கல் வையுங்கள். தொட்டிக்குக் கம்பி வலைச் சட்டம் செய்து பூட்டுங்கள், மாடு குடிக்கும்போது மட்டும் திறக்கலாம். பக்கத்தில் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு இருந்தால் இன்றே மூடச் சொல்லுங்கள். இதற்கு உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிமுறை கொடுத்துவிட்டது. அப்படியிருந்தும் 2019-ல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையை இழந்தோம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது தண்ணீர் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் காவல் இருக்கிறாள். நாளை ஏதாவது நடந்தால் அந்தப் பழி காலம் முழுக்க அவள் மனதில் கிடக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை, கூலிக்குப் போகாமல் அடுப்பு எரியாது என்று தெரியும். இதே நிலைமை வங்கதேசத்துக் கிராமங்களில் உண்டு. வீட்டைச் சுற்றிக் குட்டைகள். காலை நேரத்தில் தாய்மார்கள் வேலையில் இருக்கும்போதுதான் பிள்ளைகள் அதிகமாக மூழ்கின. அங்கே ‘ஆஞ்சல்’ என்ற பெயரில், கிராமத்துப் பெண் ஒருவர் வீட்டிலேயே, காலை 9 மணியிலிருந்து 1 மணிவரை சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செய்தார்கள். அதற்கு நல்ல பலன் கிடைத்தது. ஆஞ்சல் என்றால் சேலை முந்தானை.

நமக்கு அங்கன்வாடி இருக்கிறது. இரண்டு வயது ஆனதும் மகளைச் சேர்க்கலாம். அதுவரைக்கும், அங்கன்வாடி விடுமுறை நாட்களுக்கும், உங்கள் மகளிர் குழுவில் இதைப் பேசுங்கள். வேலைக்குப் போகும் பத்துப் பேர் கொஞ்சம் கொஞ்சம் பணம் போட்டால், வீட்டில் இருக்கும் ஒரு பாட்டிக்கோ அக்காவுக்கோ அரைநாள் கூலி கொடுக்கலாம்.

“தண்ணீரில் மூழ்கிய பிள்ளையை உப்பில் புதைத்து வைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? தலைகீழாகச் சுற்றினால் தண்ணீர் வெளியேறும் என்பார்களே?” – வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

இரண்டும் தவறு. உப்பு எந்த உயிரையும் மீட்டதில்லை. மூட்டை மூட்டையாக உப்புத் தேடும் நேரத்தில், பிழைக்க வாய்ப்புள்ள பிள்ளையும் போய்விடும். தலைகீழாகச் சுற்றினாலும் வயிற்றை அமுக்கினாலும் வருவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர்தான். அது மூச்சுக்குழாயில் ஏறினால் நிலைமை இன்னும் கெடும்.

செய்ய வேண்டியது இது. வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒருவர் 108-க்குப் பேசட்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. குழந்தையைச் சமதரையில் மல்லாத்துங்கள். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

3. நெற்றியைப் பிடித்து, தாடையை லேசாக உயர்த்துங்கள். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, மார்பு மேலே எழும்பும்படி ஐந்து முறை ஊதுங்கள். கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி மெல்ல ஊதுங்கள். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று.

4. பிறகு மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், உள்ளங்கை அடிப்பகுதியை வைத்து 30 முறை அமுக்குங்கள். கைக்குழந்தைக்கு இரண்டு கட்டைவிரல்களால் அமுக்குங்கள். மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். வேகம், நிமிடத்துக்கு 100 முதல் 120.

5. மறுபடி 2 ஊதல், 30 அமுக்கல். மூச்சு வரும்வரை அல்லது ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள். களைத்தால் ஆளை மாற்றுங்கள்.

6. மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஈரத்துணியை மாற்றிப் போர்த்துங்கள்.

7. பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்து மூச்சைத் திணற வைக்கலாம்.

எழுத்தில் படித்தால் மட்டும் கை வராது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ கேட்டு, கிராம சபை நாளில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். கிணற்றிலோ ஏரியிலோ ஆள் விழுந்தால் தீயணைப்பு மீட்புப் பணிக்கு 101.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 2021-ல் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

ஈரோட்டு அம்மாவுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. மகன் கோபத்தில் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் கண்ணை மூடினால் குட்டைதான் தெரியும். முடிந்தால் வேலி போடுகிற அன்று அவனையே கூப்பிடுங்கள், ஒரு கல்காலாவது அவன் கையால் நடட்டும். முடிச்சுக் கயிற்றைப் பெரிய பேரன் கட்டட்டும். எல்லாம் முடிந்ததும் இந்தப் பக்கத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். பேரன்கள் வந்தார்களா என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.

அடுத்த இதழில் வழக்கம்போல் மண்ணுக்கும் விதைக்கும் திரும்புவோம்.